திட்ட ஆவணங்களை ஓரிடத்தில் சேர்ப்பது: கோப்புறையா, சந்தாச் சேவையா, சொந்த சர்வரா?

வேலைப் பட்டியல் ஓர் எக்செல் தாளில் இருக்கிறது. வரைபடங்களும் ஒப்பந்தங்களும் பகிர்வுக் கோப்புறையில் கிடக்கின்றன. வாடிக்கையாளர் தந்த ஒப்புதல் யாரோ ஒருவருடைய மின்னஞ்சல் பெட்டியில். கெடு தள்ளிப்போன செய்தி வாட்ஸ்அப் குழுவில். இரண்டு மூன்று திட்டங்கள் வரை இப்படி ஓட்டிவிடலாம். அதற்கு மேல் போனால், “கடைசியாக ஒத்துக்கொண்டது எது?” என்று புதிதாகச் சேர்ந்தவர் கேட்கும்போது, பதில் தெரிந்த ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு திட்ட மேலாண்மை அமைப்புக்குள் கொண்டுபோய்விடலாம் என்ற யோசனை பெரும்பாலும் அப்போதுதான் பிறக்கிறது.

யோசனை பிறந்ததும் குழு இரண்டாகப் பிரிகிறது. மாதச் சந்தா கட்டி இணையச் சேவை ஒன்றை எடுக்கலாம் என்கிறது ஒரு பக்கம். கட்டற்ற மென்பொருளை (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) நம் சர்வரிலேயே நிறுவலாம், பணமும் மிச்சம், தரவும் நம்மிடம் என்கிறது மறுபக்கம். இருக்கும் கோப்புறையையே ஒழுங்காக வைத்துக்கொண்டால் போதாதா என்று மெல்லிய குரலில் கேட்கும் மூன்றாமவரை யாரும் கவனிப்பதில்லை. அவர் சொல்வதையும் சேர்த்தே இங்கே எடைபோடுகிறேன். மூன்றும் நேர்மையான வழிகள். மூன்றிலும் விலைப்பட்டியலில் வராத செலவுகள் உண்டு.

## முதலில் அளவுகோல்கள்

இத்தகைய முடிவுகளைப் பெரும்பாலோர் வசதிகளின் பட்டியலை வைத்து எடுக்கிறார்கள். கான்ட் வரைபடம் (பணிகளைக் காலக்கோட்டில் பட்டைகளாகக் காட்டும் படம்) இருக்கிறதா, கைபேசிச் செயலி இருக்கிறதா, நேரக் கணக்கு வருகிறதா என்று கட்டம் கட்டமாகக் குறியிடுகிறார்கள். இன்று புழக்கத்தில் உள்ள அமைப்புகளில் இவை ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. ஆகவே அந்தப் பட்டியல் எதையும் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுபவை வேறு கேள்விகள்.

எந்த நகல் செல்லும்? ஒரே ஆவணத்துக்கு மூன்று பிரதிகள் இருந்தால் எது செல்லுபடியாகும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடிகிறதா?

யார் பராமரிப்பார்? இடமாற்றம் முடிந்து ஆறு மாதம் கழித்து, புது ஆளுக்குக் கணக்குத் திறப்பதும், போனவரின் அணுகலை மூடுவதும், முடிந்த திட்டங்களை ஒதுக்கி வைப்பதும் யாருடைய வேலை? பெயர் சொல்ல முடிய வேண்டும். “எல்லோரும் பார்த்துக்கொள்வோம்” என்பது பதில் ஆகாது.

வெளியேறும் வழி என்ன? நாளை இந்த அமைப்பை விட்டுப் போக வேண்டுமென்றால் பணிகள், கருத்துரைகள், இணைப்புக் கோப்புகள், யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு ஆகிய நான்கும் வெளியே வருமா?

யார் எதைப் பார்க்கலாம்? வாடிக்கையாளர், துணை ஒப்பந்ததாரர், தற்காலிகப் பணியாளர் ஆகியோருக்கு ஒரு திட்டத்தை மட்டும் திறந்துவிட முடியுமா?

மூன்று ஆண்டுச் செலவு எவ்வளவு? சந்தா அல்லது சர்வர் வாடகை மட்டுமன்று. தரம் பிரிக்கும் நேரம், பயிற்சி நேரம், பராமரிப்பு நேரம் எல்லாவற்றையும் சேர்த்து.

இவற்றில் இரண்டாவது கேள்விதான் மற்றவற்றை முடிவு செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பராமரிப்பவர் இல்லாத நல்ல மென்பொருளைவிட, பொறுப்பாளர் உள்ள சாதாரணக் கோப்புறை பல மடங்கு மேல்.

## எது நகர வேண்டும், எது இருந்த இடத்திலேயே இருக்கலாம்

வழிகளை ஒப்பிடுமுன் இதைப் பிரித்துக்கொள்ளாவிட்டால் கணக்கு தப்பும். “திட்ட ஆவணங்கள்” என்று மொத்தமாகச் சொல்வதற்குள் மூன்று வகைப் பொருள்கள் இருக்கின்றன.

முதல் வகை கோப்புகள்: வரைபடம், காணொளி, ஒப்பந்தம், அறிக்கை. இரண்டாவது பணிகள்: யார், எதை, எப்போதுக்குள். மூன்றாவது முடிவுகள்: யார் எதற்கு ஒப்புதல் தந்தார், ஏன் மாற்றினோம். இன்றைய குழப்பத்தில் பெரும்பங்கு இரண்டாவது, மூன்றாவது வகைகளால் வருகிறது. இடமாற்றத்தில் பெரும்பங்கு உழைப்பையோ முதல் வகை விழுங்குகிறது. இந்த முரணைக் கவனித்தாலே பாதி வேலை குறையும். கோப்புகளைச் சேமிப்பதற்கென்றே உருவான இடத்தில் கோப்புகள் இருக்கட்டும். திட்ட அமைப்பில் பணியையும் முடிவையும் வைத்து, கோப்புக்கு லிங்க் மட்டும் கொடுங்கள். பெரிய வடிவமைப்புக் கோப்புகளையும் காணொளிகளையும் பணிக் குறிப்புகளில் இணைப்பாகத் திணித்தால், பதிப்புகள் குவியும், சேமிப்பு வரம்பு நிரம்பும், வெளியேறும் நாளில் எடுப்பதும் கடினம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஒப்புதல் தந்த பதிப்பு எது என்று பின்னாளில் நிரூபிக்க வேண்டிய ஆவணமாக இருந்தால், அந்தப் பதிப்பை மட்டும் பி.டி.எஃப். ஆக ஒப்புதல் குறிப்போடு சேர்த்துப் பூட்டி வைப்பது நல்லது. லிங்க் சுட்டும் கோப்பு நாளை மாறலாம். ஒப்புதல் மாறக் கூடாது.

## வழி ஒன்று: கோப்புறையிலேயே இருந்து ஒழுங்கு செய்வது

இதை ஒன்றுமே செய்யாமல் இருப்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. திட்டத்துக்கு ஒரு கோப்புறை, எல்லாத் திட்டத்துக்கும் ஒரே உள்ளமைப்பு, பெயரிடும் விதி, ஒரே ஒரு வேலைப் பட்டியல், முடிவுகளை எழுதும் ஒரே ஓர் ஆவணம், இவற்றைக் காக்கும் ஒருவர். இவ்வளவும் இருந்தால் அதுவும் ஒரு மையப்படுத்தப்பட்ட அமைப்புதான். யாரும் புதிதாக எதையும் கற்க வேண்டாம். வெளியேறும் வழியைப் பற்றிக் கவலையே இல்லை. கோப்புகள் கோப்புகளாகவே இருக்கின்றன.

மறைந்திருக்கும் செலவு விரிதாளில் இருக்கிறது. விரிதாள் தவறும்போது சத்தம் போடுவதில்லை. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். பரிசோதனைக்கூடங்கள் அனுப்பிய முடிவுகளை எக்செலின் பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவத்தில் திரட்டினார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான். அதற்கு மேல் வந்தவை விடுபட்டன. 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணி தாமதமானது. உங்கள் வேலைப் பட்டியல் அந்த அளவுக்கு நீளாது. ஆனால் ஒருவர் ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்திவிட்டால், எல்லாக் கெடுவும் தவறான பணிகளுக்கு எதிரே போய் நிற்கும். அதையும் எந்த எச்சரிக்கையும் காட்டிக்கொடுக்காது.

இன்னொன்று உரிமை. கூகுள் டிரைவில் தனிநபரின் ‘மை டிரைவ்’ பகுதியிலிருந்து பகிரப்பட்ட கோப்பு அந்த நபருக்கே சொந்தம். அவர் வேலையை விட்டுப் போய், உரிமையை மாற்றாமல் கணக்கை அழித்தால், கோப்பும் போகும். நிறுவனக் கணக்குகளில் கிடைக்கும் பகிர்வு டிரைவில் கோப்புகள் அமைப்புக்குச் சொந்தமாகின்றன. முதல் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிட வேண்டும்.

அனுமதி விஷயத்தில் கோப்புறை பலவீனமானது. “லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்” என்று அவசரத்துக்குத் திறந்துவிட்டவை மூடப்படுவதே இல்லை. பகிர்வுகளைக் காலாண்டுக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்து மூடும் ஆள் வேண்டும்.

குழு சிறியது, ஒரே நேரத்தில் ஓடும் திட்டங்கள் குறைவு, எல்லோரும் தினமும் பேசிக்கொள்கிறார்கள், வேலையின் மையமே பெரிய கோப்புகள் என்றால் இந்த வழியே சிறந்தது. ஒரு பணி முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்ற சார்புகள் நிறைய வந்துவிட்டாலோ, ஒரே ஆள் நான்கு திட்டங்களில் பங்கிடப்பட்டாலோ, கோப்புறையால் தாங்க முடியாது. யாருடைய வாரம் நிரம்பி வழிகிறது என்று எந்தக் கோப்புறையும் காட்டாது.

## வழி இரண்டு: சந்தாச் சேவை

ஜிரா, அசானா, டிரெல்லோ, பேஸ்கேம்ப், மைக்ரோசாஃப்ட் பிளானர் போன்றவை இந்த வகை. இன்று பதிவு செய்து இன்றே தொடங்கலாம். சர்வர், பாதுகாப்புத் திருத்தங்கள், காப்புநகல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. தொழில்நுட்ப ஆள் இல்லாத குழுவுக்கு இதன் அருமை சொல்லி முடியாது.

செலவு தலைக்கணக்கில் ஏறுகிறது. வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கும் மேலாளருக்கும், ஒப்புதல் மட்டும் தரும் வாடிக்கையாளருக்கும் கட்டணம் கட்டும் பயனர் இருக்கை தேவைப்படுமா, விருந்தினர் கணக்கு இலவசமா என்பதை முன்கூட்டியே படித்துவிடுங்கள். கணக்கு எகிறும் இடம் அதுதான். நிறுவனத்தின் பொது உள்நுழைவோடு இணைக்கும் வசதியும், யார் எப்போது என்ன செய்தார் என்று காட்டும் விரிவான தணிக்கைப் பதிவும் பல சேவைகளில் உயர்ந்த அடுக்குகளில்தான் கிடைக்கின்றன. ஊழியர் விலகிய அன்றே எல்லா அணுகலும் தானாக மூட வேண்டும் என்பது உங்கள் விதியானால், விலைப்பக்கத்தின் முதல் நெடுவரிசையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

வெளியேறும் வழியைச் சோதிக்க நேரம் ஒதுக்குங்கள். “ஏற்றுமதி வசதி உண்டு” என்ற வாக்கியம் எதையும் உறுதி செய்வதில்லை. டிரெல்லோவில் எல்லோருக்கும் ஜேசான் (நிரல்கள் படிக்கும் தரவு வடிவம்) ஏற்றுமதி உண்டு, சி.எஸ்.வி. (விரிதாளில் திறக்கும் எளிய பட்டியல் வடிவம்) ஆக எடுப்பது கட்டண அடுக்கில்தான். ஜேசானில் வருவது பலகையின் அண்மைய 1,000 செயல்களின் வரலாறு மட்டுமே, இணைப்புகளுக்கு லிங்க் மட்டுமே. இது ஒரு சேவையைக் குறை சொல்வதற்காக அன்று. ஒவ்வொரு சேவையிலும் இதுபோல ஏதாவது ஓர் எல்லை உண்டு. இலவசச் சோதனைக் காலத்தில் எல்லோரும் உள்ளே போடுவதைச் சோதிக்கிறார்கள். வெளியே எடுப்பதைச் சோதிப்பவர் அரிது. பத்துப் பணிகளைப் போட்டு, கருத்துரை எழுதி, கோப்பு இணைத்து, மறுநாளே எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். வந்தது போதுமானதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சேவை தரும் நிறுவனத்தின் முடிவுகள் உங்கள் நாட்காட்டியை மாற்றும் என்பதும் இந்த வழியின் விலைதான். ஜிராவைத் தரும் அட்லாசியன் நிறுவனம், வாடிக்கையாளர்கள் தங்கள் சர்வரில் நிறுவிக்கொண்ட அதன் சர்வர் பதிப்புக்கான ஆதரவை 2024 பிப்ரவரி 15 உடன் முடித்துக்கொண்டது. அதை நம்பி இருந்தவர்கள் கிளவுடுக்கோ விலை கூடிய டேட்டா சென்டர் பதிப்புக்கோ நகர வேண்டியதாயிற்று. மைக்ரோசாஃப்ட் தன் புராஜெக்ட் ஆன்லைன் சேவைக்கு 2026 செப்டம்பர் 30 ஐக் கடைசி நாளாக அறிவித்தது. பெரிய பெயர் என்பது நிரந்தரத்துக்கு உத்தரவாதம் அன்று.

காப்புநகல் அவர்கள் பொறுப்பு என்று மேலே சொன்னேன். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. 2022 ஏப்ரலில் அட்லாசியனில் ஒரு பராமரிப்பு ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு), பழைய செயலி ஒன்றை நீக்குவதற்குப் பதிலாக வாடிக்கையாளர்களின் தளங்களையே நீக்கிவிட்டது. சுமார் 775 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். சிலருக்கு அணுகல் திரும்ப இரண்டு வாரம் வரை ஆனது. காப்புநகல் இருந்தது, தரவும் பெரும்பாலும் மீண்டது. ஆனால் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் தரவு கலந்திருக்கும் இடத்திலிருந்து குறிப்பிட்ட சிலருடையதை மட்டும் பிரித்து மீட்பது மெதுவான வேலையாக இருந்தது. இரண்டு வாரம் உங்கள் குழு எதைப் பார்த்து வேலை செய்யும்? வாரம் ஒரு தடவை பணிப் பட்டியலை மட்டுமாவது ஏற்றுமதி செய்து வேறிடத்தில் வைத்திருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும்.

குழு பல இடங்களில் சிதறி இருக்கிறது, வெளியாட்கள் அடிக்கடி வந்து போகிறார்கள், சர்வரைத் தொடத் தெரிந்தவர் இல்லை, உடனே தொடங்க வேண்டும் என்றால் இதுவே வழி.

## வழி மூன்று: சொந்த சர்வரில் கட்டற்ற மென்பொருள்

ரெட்மைன் என்ற கட்டற்ற திட்ட மேலாண்மை மென்பொருள் 2006 முதல் இருக்கிறது. ஓப்பன்புராஜெக்ட் அதன் நிரலிலிருந்து பிரிந்து வளர்ந்த கிளை மரபில் வந்தது. அதன் சமூகப் பதிப்பு இலவசம், சில வசதிகளுக்கு மட்டும் கட்டணப் பதிப்பு. இரண்டும் ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருகின்றன. ஐம்பது பேர் பயன்படுத்தினாலும் ஐந்நூறு பேர் பயன்படுத்தினாலும் உரிமக் கட்டணம் ஏறாது. எப்போதாவது நுழைந்து பார்க்கும் ஆட்கள் நிறைய உள்ள அமைப்புகளுக்கு இது பெரிய ஆறுதல். தரவு உங்கள் தரவுத்தளத்தில் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் வினவி எடுக்கலாம். வெளியேறும் வழி என்ற அளவுகோலில், கோப்புறைக்கு அடுத்து இதற்கே முதலிடம்.

ஆனால் “இலவசம்” என்ற சொல்லால் கவரப்பட்டு இந்த வழிக்கு வருபவர்களைத் தடுத்து நிறுத்தவே விரும்புகிறேன். இங்கே நீங்கள் மிச்சம் பிடிக்கும் பணம் ஓர் ஆளின் நேரமாக மாறிப் போகிறது. இயங்குதளத் திருத்தங்கள், ரூபி நிரல்மொழியின் பதிப்பு உயர்வு, தரவுத்தளப் பதிப்பு உயர்வு, இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழ் புதுப்பித்தல், அறிவிப்பு மின்னஞ்சல்கள் ஸ்பேமில் விழாமல் பார்த்துக்கொள்வது என்று பட்டியல் நீளும். ரெட்மைனில் ஆசைப்பட்டுச் சேர்க்கும் ஒவ்வொரு செருகுநிரலும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) அடுத்த பதிப்பு உயர்வைத் தடுக்கக்கூடிய ஒரு முட்டுக்கட்டை. செருகுநிரலை எழுதியவர் கைவிட்டால், நீங்கள் பழைய பதிப்பிலேயே தேங்கி நிற்பீர்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. குறைந்த செருகுநிரல்களோடு வாழப் பழகிக்கொள்வது இந்த வழிக்கு முதல் நிபந்தனை.

காப்புநகலில்தான் உண்மையான ஆபத்து. ரெட்மைனில் பணிகள் தரவுத்தளத்தில் இருக்கின்றன; இணைப்புக் கோப்புகள் வட்டில் தனி அடைவில் இருக்கின்றன. தரவுத்தளத்தை மட்டும் நகலெடுத்து நிம்மதியாக இருப்பவர்களுக்கு, மீட்கும் நாளில் பெயர்கள் மட்டும் கிடைக்கும், கோப்புகள் கிடைக்கா. நகல் எடுப்பதோடு அதை மீட்டுப் பார்ப்பதும் அட்டவணையில் இருக்க வேண்டும். கிட்லேப் நிறுவனத்துக்கே 2017 ஜனவரி 31 அன்று இது நேர்ந்தது. பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவு அடைவை அழித்துவிட்டார். மீட்கப் போனபோது அவர்களிடம் இருந்த காப்பு வழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஒரு நகல் தற்செயலாக இருந்ததால் மீண்டார்கள். இடைப்பட்ட நேரத்துத் தரவு போயிற்று. மென்பொருள் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்த நிலை. மீட்புப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்க முடியாத குழு இந்த வழியில் இறங்க வேண்டாம்.

கட்டற்ற மென்பொருளும் நின்றுபோகும். பலரும் நம்பிய ஃபேப்ரிகேட்டர் என்ற திட்ட மேலாண்மை மென்பொருள் 2021 ஜூன் 1 முதல் பராமரிக்கப்படவில்லை. ஆனால் மூலநிரல் வெளிப்படையாக இருந்ததால் சமூகம் அதை ஃபோர்ஜ் என்ற பெயரில் தொடர்ந்தது. சந்தாச் சேவை மூடும்போது இந்த இரண்டாம் வாய்ப்புக் கிடைப்பதில்லை.

சர்வரைப் பார்த்துக்கொள்ள ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், அவர் விடுப்பில் போனால் இன்னொருவரும் இருக்கிறார், தரவு வெளியே போகக் கூடாது என்ற கட்டாயம் இருக்கிறது அல்லது பயனர் எண்ணிக்கை மிகப் பெரிது: இவை பொருந்தினால் மூன்றாவது வழியைத் துணிந்து எடுக்கலாம். ஒரே ஓர் ஆர்வலரின் உற்சாகத்தை நம்பி மட்டும் எடுக்க வேண்டாம். அவர் போகும் நாளில் அமைப்பும் அநாதையாகும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஒழுங்குபடுத்திய கோப்புறை | சந்தாச் சேவை | சொந்த சர்வர் |
|---|---|---|---|
| எந்த நகல் செல்லும் | பெயரிடும் விதியைக் காப்பவர் இருந்தால் மட்டும் தெளிவு | பணிகளுக்குத் தெளிவு. கோப்புகளுக்கு லிங்க் ஒழுங்கு தேவை | சந்தாச் சேவையைப் போலவே |
| பராமரிப்பு | ஒழுங்கு காக்கும் ஒருவர் | கணக்குகளையும் திட்டங்களையும் பார்க்கும் ஒருவர் | அவரோடு சர்வர் தெரிந்த இருவர் |
| வெளியேறுதல் | எளிது | சேவைக்குச் சேவை மாறும்; முன்பே சோதிக்க வேண்டும் | தரவுத்தளம் கையில் இருப்பதால் சாத்தியம் |
| வெளியாட்களுக்கு அனுமதி | பலவீனம் | வலுவானது. அடுக்கைப் பொறுத்துக் கட்டணம் | வலுவானது. நீங்களே அமைக்க வேண்டும் |
| செலவு ஏறும் விதம் | குழப்பம் கூடும்போது நேரமாக | ஆள் கூடக் கூட | பதிப்பு உயர்வு, மீட்பு நாள்களில் |
| தொடங்க ஆகும் காலம் | உடனே | உடனே | நிறுவி, காப்புநகலை மீட்டுச் சோதித்த பிறகே |

## எவ்வளவு நகர்த்துவது

இரண்டாவது அல்லது மூன்றாவது வழி என்று முடிவானால் அடுத்த தேர்வு வரும்: பழையது எல்லாவற்றையுமா, ஓடிக்கொண்டிருக்கும் திட்டங்களை மட்டுமா, இனிவரும் திட்டங்களை மட்டுமா?

எல்லாவற்றையும் நகர்த்துவது கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில், யாரும் திறக்காத பழைய திட்டங்களைத் தரம் பிரிப்பதில் உழைப்பு கரையும். பின்னர் தேடும்போது பழைய குப்பை முன்னால் வந்து நிற்கும். சட்டப்படி அல்லது ஒப்பந்தப்படி முழு வரலாறும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டிய குழுக்களைத் தவிர வேறு யாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிய திட்டங்களை மட்டும் புதிய அமைப்பில் தொடங்குவது மிகக் குறைந்த ஆபத்து. குறுகிய காலத் திட்டங்கள் என்றால் சில மாதங்களில் பழையவை தாமே முடிந்துபோகும். ஆண்டுக்கணக்கில் நீளும் திட்டங்கள் என்றால், ஆண்டுக்கணக்கில் இரண்டு இடங்களையும் பார்க்க வேண்டியிருக்கும். அதுதான் இன்று நீங்கள் தப்பிக்க நினைக்கும் நோய்.

பெரும்பாலான குழுக்களுக்கு நடுவழியே ஏற்றது: ஓடும் திட்டங்களின் முடியாத பணிகளும், இன்னும் செல்லுபடியாகும் முடிவுகளும் மட்டும் நகரட்டும். முடிந்த பணிகள் பழைய இடத்தில் படிக்க மட்டும் கிடைக்கட்டும். ஒரு பணிக்குப் பின்னால் உள்ள நீண்ட உரையாடலை நகர்த்துவதற்குப் பதில், “இதுவரை முடிவானது இது” என்று பொறுப்பாளர் நான்கு வரி எழுதிவிட்டால், அது நகலெடுத்த உரையாடலைவிடப் பயன்படும்.

நகர்த்தும் வேலையில் சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன்.

இறக்குமதி செய்யும்போது வரலாறு முழுவதும் இறக்குமதி செய்தவரின் பெயரில், அன்றைய தேதியில் பதிவாகிவிடக்கூடும். உண்மையான ஆசிரியர் பெயரையும் மூலத் தேதியையும் தனிப் புலத்திலாவது வைத்துக்கொள்ளுங்கள். ரெட்மைனின் சி.எஸ்.வி. இறக்குமதி பணிகளைக் கொண்டுவரும். பழைய கருத்துரைகளையும் இணைப்புகளையும் கொண்டுவராது. கூகுள் ஆவணத்தை வேர்ட் வடிவில் இறக்கினால் பதிப்பு வரலாறு கூட வராது.

தமிழ்ப் பெயர்கள் உள்ள சி.எஸ்.வி. கோப்பு யூ.டி.எஃப்.-8 (தமிழ் எழுத்துகளையும் சேமிக்கும் குறியாக்க முறை) இல் இருக்க வேண்டும். தொடக்கக் குறி (குறியாக்கத்தைச் சொல்லும், கோப்பின் தலைப்பிலுள்ள அடையாளம்) இல்லாத அத்தகைய கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்து, சேமித்து, அதையே இறக்குமதி செய்தால் எழுத்துகள் சிதைந்து உள்ளே போகும். கோப்புப் பெயரின் நீளமும் தொல்லை தரும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் வரம்பு, யூ.டி.எஃப்.-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். எனவே 85 குறியீடுகளோடு பெயர் முடிய வேண்டும். “கு” என்ற ஓர் எழுத்தே இரண்டு குறியீடுகள். விண்டோஸின் வழக்கமான பாதை வரம்பு 260 எழுத்துகள், ஷேர்பாயிண்டில் 400. கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கி வைத்திருப்பவர்கள் நகர்த்துமுன் நீளமான பாதைகளைப் பட்டியலிட்டுச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

இறக்குமதிக்கு முன் அறிவிப்பு மின்னஞ்சல்களை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பணிக்கும் ஒரு கடிதம் வாடிக்கையாளர் வரை போய்ச் சேரும். புதிய அமைப்பின் மேல் குழுவுக்கு முதல் நாளே வெறுப்பு வந்துவிட்டால், அதை மாற்றப் பல மாதங்கள் ஆகும்.

சோதனைக்கு எந்தத் திட்டத்தை எடுப்பது என்பதில் பலரும் ஒழுங்கான, சிறிய திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது எதையும் கற்றுத் தராது. வெளியாட்கள், இரகசிய ஆவணங்கள், விலகிப்போன ஊழியர் பெயரில் நிற்கும் பணிகள் எல்லாம் கலந்த சிக்கலான திட்டம் ஒன்றை முதலில் நகர்த்திப் பாருங்கள். அது தாங்கினால் மற்றவை தாங்கும். நகர்த்திய பின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்: பணிகள் எத்தனை, இணைப்புகள் எத்தனை, பொறுப்பாளர் பெயர் இல்லாத பணிகள் எத்தனை. முக்கியக் கோப்புகளுக்கு ஷா-256 சரிபார்ப்புத் தொகையை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) இரு பக்கமும் எடுத்து ஒப்பிட்டால், பாதியில் அறுந்த நகல்கள் பிடிபடும்.

பழைய கோப்புறையை என்ன செய்வது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து தேதியோடு அறிவித்துவிட வேண்டும். அந்தத் தேதியில் எழுதும் அனுமதியை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள். நிர்வாகி ஒருவருக்கு மட்டும் விட்டுவையுங்கள். கோப்புறையின் முகப்பில், எந்தத் திட்டம் புதிய அமைப்பில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரே ஒரு கோப்பை வையுங்கள். எழுதும் அனுமதி திறந்தே இருந்தால், அவசரத்தில் யாராவது அங்கேயே திருத்துவார், மறுபடியும் இரண்டு நகல்கள் உருவாகும். ஒப்பந்தமோ தணிக்கையோ கேட்கும் காலம் வரை அதை அழிக்க வேண்டாம். அந்தக் காலம் எப்போது முடிகிறது என்பதைப் புதிய அமைப்பிலேயே ஒரு பணியாகப் பதிந்து, பொறுப்பாளர் பெயரையும் கெடுவையும் போட்டுவிடுங்கள்.